பச்சைத் தண்ணீரின் சூடு

பொட்டலத்தைப் பிரித்ததும் தேயிலை வாசனை அடித்தது. பழுப்புக் காகிதத்துக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு பேக்லைட் வில்லை. நடுவில் திருகுகிற குமிழ், பின்னால் இரண்டு பித்தளை முனைகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மகளைக் கையில் பிடித்தபடி என் அறைக்கு மாடியேறி வந்த ரோஸியக்கா அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"ஐஸ்பொட்டிய காயலாங்கடைக்காரன் வந்து தூக்கிகினு பூட்டான் தம்பி. அடியெல்லாம் உப்புக் காத்துல அரிச்சிப் போச்சி. இத்த மட்டும் எடுத்து அந்தத் தேயிலைப் பொட்டியில போட்டு வெச்சிருந்தேன். அவுரு இருந்தா உங்களாண்டதான் குடுக்கச் சொல்லுவாரு."

ரோஸியக்கா 'அவுரு' என்றது அவர் கணவனான உன்னைத்தான். நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் போய்விட்டது. எனக்கு இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. எண்ணூர் தொழிற்சாலையில் தினமும் ரிப்போர்ட் எழுதுகிறேன். மோட்டார் எரிந்தது, காரணம் இன்னது, செய்தது இன்னது, முடிந்தது. இதையும் அப்படியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் எழுதுவதற்குள்ளேயே 'நீ' வந்துவிட்டது. சரி, வரட்டும்.

அந்தப் பெட்டி ராயபுரத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஊருக்குக் கப்பலேறிய ரயில்வே துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது எல்லாரும் மேசை நாற்காலி வாங்கினார்கள். துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிற நீ, உன் கூட்டாளிகளோடு கைவண்டியில் ஒரு குளிர்பதனப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாய். வாசற்படியில் ஏறவில்லை. கதவைக் கழற்றினீர்கள். உன் ஒற்றை அறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக் கன்னியம்மாள், வலைக்காரர் வீட்டு அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா நைனா, பீரோவா? உள்ள வெக்க உன்னாண்ட இன்னா கீது?"

மறுவாரமே அவளுடைய வஞ்சிர மீனும் அதற்குள் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மல்லிகைச் சரம், காய்ச்சல்காரன் நெற்றிக்கு வைக்க ஐஸ், யாரோ ஒருவர் ஏன் வைத்தார் என்றே தெரியாத ஒரு செருப்பு. நான் உன் வீட்டு மாடியறையில் குடியிருந்த புதிது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்த சூடு இன்னும் தலையில் இருந்தது. "இத்தனை தடவை கதவைத் திறந்தா மெஷின் செத்துடும்" என்று கத்துவேன். "பொறு மாமு" என்பாய். எதற்கெடுத்தாலும் உனக்கு அந்த ஒரு சொல்தான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, ரயில் வரவில்லையா, எனக்கு வேலை உத்தரவு வரவில்லையா, "பொறு மாமு, அது வரும்."

மெஷின் சாகவில்லை. தெர்மோஸ்டாட்தான் செத்தது. பெட்டிக்குள் சூடு ஏறினால் மோட்டாரை ஓட்டி, வேண்டிய அளவு குளிர்ந்ததும் நிறுத்துகிற அந்தச் சின்ன உறுப்பு. அதன் மெல்லிய செப்புக் குழாயில் அடைத்திருந்த வாயு கசிந்துபோயிருந்தது. புதிது வாங்க மவுண்ட் ரோட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எனக்கே பொறுமை இல்லை. ஆனால் அந்தத் தடவை நீ எனக்கு முந்திக்கொண்டாய். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கையில் இந்தக் கறுப்பு வில்லை. உடைக்கப் போட்ட ஒரு கப்பலின் பயணிகள் அறையிலிருந்து வந்தது, துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் பிடித்தேன் என்றாய். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் போட்டேன்.

"இது ஆவாது."

"இன்னா மாமு, இதுவும் தெர்மோஸ்டாட்டுதானே? கடக்காரன் சத்தியம் பண்ணான்."

"தெர்மோஸ்டாட்டுதான். ஆனா இது குளிர் நாட்டுக் கப்பல்ல, ரூமுக்குச் சூடேத்துற மெஷினுக்குச் செஞ்சது. குளிரானா கரண்டு விடும், சூடானா நிறுத்தும். உன் பெட்டிக்கு வேண்டியது நேர் எதிரா. இதை மாட்டினா பெட்டி சூடா கிடக்கறப்ப ஓடாது, குளிர்ந்து கிடந்தா நிக்காது."

"அப்ப தலகீழா மாட்டிடு."

"தலைகீழா மாட்டினா அதுல இருக்கிற எழுத்துதான் தலைகீழாத் தெரியும்."

ரோஸியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் செத்த தெர்மோஸ்டாட்டை விலக்கிவிட்டு, மோட்டாருக்கு நேராக மின்கம்பி கொடுத்துச் சுவரில் ஒரு சுவிட்சு வைத்தேன். "இனிமே நீதான் தெர்மோஸ்டாட்டு. குளிர்ந்தா நிறுத்து, சூடானா போடு" என்றேன். கப்பல் வில்லையைத் தூக்கி எறியச் சொன்னேன். நீ எறியவில்லை. இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாய். "ஷோக்கா கீது மாமு. கெடக்கட்டும், சோறா கேக்குது?"

அந்த ஆண்டு ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது, விடவில்லை. காசிமேட்டில் கட்டுமரங்கள் கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன. ரயில் பாலத்தின் அடியில் மார்பளவு தண்ணீர். தெருவில் விறகெல்லாம் நனைந்து, ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சுவதே பெரும்பாடு. அந்த மழையில்தான் ரோஸியக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது.

பெண் குழந்தை. பிரசவம் பார்க்க வந்த நர்சம்மா ஒரு துணியில் சுற்றிக் காட்டியபோது எனக்கு அது குழந்தை என்றே படவில்லை. தோல் வழியாக நரம்பு தெரிந்தது. அழுகை இல்லை; பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். நர்சம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "இது உடம்புல சொந்தச் சூடு இல்லைப்பா. நாமதான் குடுக்கணும். ஒரே சீரா, விடாம. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாம்னா இந்த ஈரக் காத்துல வழியிலேயே போயிடும்."

நீ சுவரில் சாய்ந்து நின்றாய். உன் கை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தது.

வெந்நீர்ப் புட்டி வைத்தோம். காய்ச்சுகிற நேரத்துக்குள் முந்தின புட்டி ஆறிவிட்டது. கரி அடுப்பு வைத்தால் மூடிய அறையில் புகை. நான் ஒரு மின்விளக்கைக் கொண்டுவந்து கூடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். விளக்குப் பக்கம் தோல் சிவந்தது, மறுபக்கம் சில்லிட்டுக் கிடந்தது. "எடுய்யா அத்த! சுட்டுப் பொசுக்கவா பெத்தா?" என்றார் நர்சம்மா.

கழற்றிக்கொண்டு திரும்பியபோதுதான் பூனையைப் பார்த்தேன். கன்னியம்மாள் வீட்டுப் பூனை. மழை தொடங்கிய நாளிலிருந்து உன் ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்தான் அதன் குடித்தனம். தெருவே நடுங்கிக்கொண்டிருக்க, அது மட்டும் நான்கு காலையும் நீட்டி மல்லாந்து கிடந்தது.

நான் கையை நீட்டிப் பெட்டியின் பின்பக்கக் குழாய்களைத் தொட்டேன். வெதுவெதுப்பு. பரவலாக, சீராக.

டிப்ளமா படித்தவனுக்கு அது புதிதில்லை. குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சிப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளுகிறது. முன்பக்கம்தான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. பின்பக்கத்தை நாம் சுவருக்குக் காட்டி வைத்திருந்தோம்.

"பெட்டியை முன்னால இழு" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. ஒரே தள்ளு.

துறைமுகத்திலிருந்து நீ கொண்டுவந்து துணி போட்டு வைத்திருந்த தேயிலைப் பெட்டியைக் காலி செய்தோம். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. சூட்டைத் திருப்பி அனுப்பும். ஒரு பக்கப் பலகையைப் பெயர்த்துவிட்டு, அந்தத் திறப்பு குழாய்களைப் பார்க்க முக்காலிமேல் நிறுத்தினேன். மேலே உன் கித்தான் துணியைக் கூடாரமாகப் போட்டு, காற்றுப் போக ஒரு மூலையை மடித்துவிட்டேன். பஞ்சுத் துணிக்குள் குழந்தை. இனி மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். ஆனால் எப்போது? கொஞ்சம் அதிகமானாலும் அந்தத் தோல் தாங்காது. கொஞ்சம் குறைந்தாலும் நர்சம்மா சொன்னதுதான் நடக்கும். எத்தனை பேர் முறைவைத்துச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாலும் கண் அயரும்.

எனக்கு வேண்டியிருந்தது, குளிர்ந்தால் கரண்டு விட்டு, சூடானால் நிறுத்துகிற ஒன்று.

நான் திரும்பித் திரு இருதயப் படத்துக்குக் கீழே பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

"மாமு," என்றாய். "அது ஆவாதுன்னியே."

"இப்ப ஆவும். திருப்புளி குடு."

மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். மோட்டாருக்குப் போகிற இரண்டு கம்பிகளில் மின்சாரம் வருகிற கம்பியை மட்டும் நடுவில் வெட்டி, இரு நுனிகளையும் சுரண்டி, வில்லையின் இரண்டு முனைகளிலும் இறுக்கினேன். மற்றக் கம்பியைத் தொடவில்லை. கப்பலின் டி.சி. மின்சாரத்துக்குச் செய்த தொடுமுனைகள் நம் வீட்டு ஏ.சி. மின்சாரத்தைத் தாராளமாகத் தாங்கும். வில்லையைத் தேயிலைப் பெட்டியின் உட்சுவரில், குழந்தையின் கை எட்டாத உயரத்தில் திருகினேன். நர்சம்மா உள்ளே கையை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் ஏத்து... ம்... அவ்ளோதான்" என்ற இடத்தில் குமிழை நிறுத்தி, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மெயினைப் போட்டதும் மோட்டார் உறுமியது.

கொஞ்ச நேரத்தில், வில்லைக்குள் இருந்த உலோகத் தகடு சூட்டில் வளைந்து 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. ரோஸியக்கா, "ஐயோ மாதாவே" என்று எழுந்துவிட்டார்.

"கெட்டுப் போவல அக்கா. போதும்னு சொல்லுது."

"அதுவே சொல்லுதா?" என்று நீ கேட்டாய். அந்த 'அதுவே'யை நீ எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய்!

இத்தோடு முடிந்தது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன். முடியவில்லை. ஓட ஓடப் பெட்டியின் உட்பக்கம் உறைந்துபோனது. உள்ளே சூடு மிச்சமில்லையென்றால் வெளியே எதைத் தள்ளும்? பின்பக்கக் குழாய்கள் ஆறத் தொடங்கின. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, 'டக்' வரவில்லை. கதவைத் திறந்து வைத்தால் அறையின் சூட்டை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குளிர் நேரே பிரசவித்துக் கிடந்த ரோஸியக்கா மேல் அடிக்கும். உள்ளே ஏதாவது வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர். குளிர்ந்ததும் எடுத்துவிட்டு வேறு தண்ணீர். மழைத் தண்ணீரைவிட வீட்டுக்குள் அண்டாவில் கிடக்கிற தண்ணீரில் சூடு அதிகம். உன் வீட்டு அண்டாவோ ஒரே முறையில் காலி.

நான் சொல்லி முடிப்பதற்குள் நீ கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாய். முழங்கால் தண்ணீரில் நின்று நீ கூவியது எனக்கு வாசல் வழியாகக் கேட்டது.

"கன்னியம்மாக்கா! ஒரு குடம் தண்ணி குடு!"

"இன்னாடா ஆச்சி உனுக்கு? தெருவுல தண்ணி, வூட்டுக்குள்ள தண்ணி, இன்னும் தண்ணி வேணுமா? பேஜாரு புடிச்சவனே!"

"அதுல கீற சூட்ட மட்டும் எடுத்துகினு தண்ணியத் திருப்பிக் குடுத்துடறேன்க்கா. புள்ளைக்கு."

பிறகு கன்னியம்மாள் குடத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் சொம்போடு. அதற்குப் பின்னால் யார் யாரோ. தூக்குச் சட்டி, கூஜா, மண்ணெண்ணெய் டின், தேவாலயத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பூச்சாடி. உன் கதவருகே வரிசை நின்றது. நீ ஏந்தி உள்ளே வைத்தாய்; சில்லிட்டதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாய். அந்த மழையில் ஐஸ் தண்ணீரைத் தலையில் சுமந்துகொண்டு திட்டிக்கொண்டே போனார்கள்.

கன்னியம்மாள் ஒரு முறை கொதிக்கிற கஞ்சித் தண்ணீரோடு வந்தாள். நான் பாய்ந்து தடுத்தேன். "அம்மா, மோட்டார் வெடிச்சிடும்!"

"சூடுதானே வேணும்? சூட்டையே கொண்டாந்தா வாணாங்குற. படிச்சவனா நீ?"

"அதுக்கு எவ்வளவு வெறகு எரிச்சீங்க? பச்சைத் தண்ணியே போதும்மா. இந்த மெஷின் அதுல இருந்தே எடுக்கும்."

அவள் தன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "பச்சத் தண்ணியில ஏதுடா சூடு?"

அவளுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டு, அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வில்லை பழசு, தொடுமுனை ஒட்டிக்கொண்டதோ, கழற்றிப் பார்த்துவிடலாமா என்று திருப்புளியை எடுத்தேன். நீ குளிர்ந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய். ஐஸ் தண்ணீரில் ஊறி உன் விரல்கள் வெளுத்திருந்தன. எல்லாரையும்விடப் பயந்து போயிருந்தவன் நீதான். ஆனாலும் என்னிடம் சொன்னாய்:

"பொறு மாமு. அது வரும்."

'டக்.'

தெருவுக்கே கேட்டிருக்கும். கன்னியம்மாள் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "போதும்ங்குதா?" என்றாள். "இப்பத்திக்குப் போதுமாம்" என்றாய் நீ. அதன் பிறகு அவள் பச்சைத் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. மெஷின் நிற்பதும் ஓடுவதும் எதிர்வீட்டிலிருந்தே கேட்டுக் குடத்தோடு வந்து நிற்பாள்.

மழை ஓய்ந்து, வெயில் வந்து, நர்சம்மா குழந்தையைத் தாயின் மார்போடு கட்டிக்கொள்ளச் சொல்லும் வரை அந்த வரிசை ஓயவில்லை. கடைசியில் தூக்கியபோது குழந்தைமேல் தேயிலை வாசனை. பிலோமினா என்று ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். தெரு அதைக் காதில் வாங்கவே இல்லை. ஐஸ்பொட்டிப் பாப்பா என்றுதான் இன்றும் கூப்பிடுகிறது. மவுண்ட் ரோட்டிலிருந்து சரியான தெர்மோஸ்டாட் ஒரு வழியாக வந்ததும் நான் மாட்டிக் கொடுத்தேன். கன்னியம்மாளின் மீன் உள்ளே திரும்பியது, செருப்புகூடத் திரும்பியது. கப்பல் வில்லை மறுபடி ஆணிக்குப் போயிற்று. அதற்கும் மெழுகுவர்த்தி ஏற்றட்டுமா என்று கேட்டாய். "மெழுகுவர்த்தி பக்கத்துல வெச்சா ஆஃப் ஆயிடும்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

துறைமுகத்தில் சங்கிலி அறுந்து சரக்கு உன்மேல் விழுந்த அன்று நான் எண்ணூரில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னபோது கடைசிப் பயணத்துக்கே நேரமாகிவிட்டிருந்தது. நான் ராயபுரம் வந்து சேரும் வரை உன்னைத் தூக்கவில்லை. "அவுரு தோஸ்து வரட்டும்" என்று கன்னியம்மாள் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாளாம்.

அதன் பிறகு நான் உன் வீட்டுக்கு அதிகம் போகவில்லை. மாடியிலிருந்து இறங்குகிறபோது அந்த மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் வேகமாக நடந்துவிடுவேன். ரோஸியக்காவுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் இன்று அவரே மாடியேறி வந்தார்.

பிலோமினா என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. உன் காதுகள் அப்படியே.

"மாமா, இது இன்னா?"

"நீ பொறந்தப்ப உனக்குச் சூடு போதுமா போதாதான்னு பார்த்துச் சொன்னது."

"இப்ப சொல்லுமா?"

மார்கழிக் காலை; அறை குளிர்ந்துதான் கிடந்தது. குமிழின் ஓரத்தில் அந்தச் சிவப்புப் பென்சில் கோடு மங்கலாக இருந்தது. அதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவள் கையில் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள். காதருகே கொண்டுபோனாள். குலுக்கினாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"பொறு பாப்பா," என்று என் வாய் சொன்னது. "அது வரும்."

கதவருகே போய்விட்ட ரோஸியக்கா நின்றார். ஆனால் திரும்பவில்லை. நானும் வாட்சைப் பார்க்கவில்லை. தெருவில் கன்னியம்மாள் யாரையோ திட்டிக்கொண்டு போனாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

'டக்.'

யார் வீட்டுக் குடமும் இல்லாமல், அவள் கைச் சூட்டிலேயே.